ஆற்றங்கரைக் கல்லும் அதன் வருஷமும்

திரெங்கானுக் கல்வெட்டிலிருந்து வியாபாரிகளுக்கு ஒரு பாடம்



பழைய சாமான் ஒன்று கைக்கு வந்தால், அது எந்தக் காலத்தது என்று எப்படிக் கண்டறிவது? இந்தக் கேள்வி சரித்திர ஆசிரியர்களுக்கு மட்டும் உரியதன்று. கடை வைத்திருக்கும் நமக்கும் அடிக்கடி வருகின்றது. ஒருவர் நாணயம் கொண்டு வருகின்றார். மற்றொருவர் பித்தளைத் தட்டோ, பழைய கத்தியோ, பூச்சி அரித்த கிதாபோ கொண்டு வருகின்றார். "இது ஐந்நூறு வருஷத்துச் சாமான் முதலாளி, பார்த்து ஒரு விலை சொல்லுங்கள்" என்கின்றார். அவர் பொய் சொல்லுகின்றார் என்று நாம் சொல்லவில்லை. பெரும்பாலும் அவருக்கே தெரியாது. வாங்குகிற நமக்கும் தெரியாது. ஆகவே தெரியாத இருவர் பேசி ஒரு வயதையும் ஒரு விலையையும் முடிவு செய்கின்றோம்.

அளவிலும் நிறுவையிலும் மோசம் செய்யலாகாது என்பது நமது மார்க்கத்தின் கட்டளை. ஒரு பொருளின் வயதைக் கூட்டிச் சொல்லுவதும் நிறையைக் கூட்டிச் சொல்லுவதும் ஒன்றே ஆகும். ஆதலின், காலத்தை நிறுக்கும் தராசு எப்படிப்பட்டது என்று நாம் ஓரளவாவது தெரிந்திருத்தல் நல்லது. ஓதுபள்ளியில் ஓதியவர்களும் ஆரம்பப் பள்ளியோடு நின்றவர்களுமாகிய நம் போன்றோருக்கு இது எட்டாத வித்தையன்று. பேரேடு பார்க்கத் தெரிந்தவருக்கு இதுவும் தெரியும். இதனை விளக்குவதற்கு, நாம் வாழும் இந்தத் தீபகற்பத்தில் ஓர் ஆற்றங்கரையில் கிடைத்த கல் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

கல் கிடைத்த வரலாறு

திரெங்கானு மாநிலத்தின் உட்பகுதியில் கோல பெராங் என்று ஓர் ஊர் இருக்கின்றது. அதன் அருகே ஓடுவது தெர்சாட் ஆறு. 1887 ஆம் வருஷத்தில் பெருவெள்ளம் வந்து வடிந்த பின்னர், அந்த ஆற்றின் கரையில் ஒரு கல் வெளிப்பட்டது. அவ்வூரார் அதனை எடுத்துச் சென்று கம்போங் பூலோவில் இருந்த சூராவின் முன்னே போட்டுக்கொண்டார்கள். தொழ வருகிறவர்கள் அதன் மேல் நின்று கால் கழுவி உள்ளே போனார்கள். இப்படிச் சுமார் 15 வருஷங்கள் கழிந்தன.

1902 ஆம் வருஷத்தில் சையது ஹுசைன் பின் குலாம் அல்புகாரி என்ற அரபு வியாபாரி, ஈயம் கிடைக்கும் இடம் தேடி அந்தப் பக்கம் வந்தார். கால் கழுவும் கல்லில் எழுத்து இருப்பதை அவர் கண்டார். அது சாதாரணக் கல்லன்று என்று உணர்ந்து, அப்பொழுது திரெங்கானுவை ஆண்ட சுல்தான் மூன்றாம் ஜைனுல் ஆபிதீன் அவர்களிடம் சேரும்படி செய்தார். கல் கோல திரெங்கானுவிலுள்ள புக்கிட் புத்திரி குன்றில் வைக்கப்பட்டது. பிறகு சிங்கப்பூர் ராபிள்ஸ் பொருட்காட்சிச்சாலையிலும் அதன் பின்னர் கோலாலம்பூரிலும் பல வருஷங்கள் இருந்து, இப்பொழுது திரெங்கானு மாநிலப் பொருட்காட்சிச்சாலையில் பாதுகாக்கப்படுகின்றது. 2009 ஆம் வருஷத்தில் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது.

இதனைக் கண்டவர் புரொபசர் அல்லர், ஒரு வியாபாரி. தம் தொழிலுக்காகப் போன இடத்தில் கண்ணைத் திறந்து வைத்திருந்தார். கண்டதை உரியவரிடம் சேர்த்தார். அவ்வளவே அவர் செய்தது. அதற்கே இந்நாட்டுச் சரித்திரம் அவர் பெயரை மறவாமல் வைத்திருக்கின்றது.

முதற் கேள்வி: எங்கே கிடைத்தது?

ஒரு பொருளின் காலத்தை விசாரிக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, அது எந்த இடத்தில், எந்த நிலையில் கிடைத்தது என்பதே. மண்ணுக்குள் ஆழத்தில் அசையாமல் கிடந்த பொருளுக்குப் பக்கத்திலுள்ள மண்ணும் ஓடும் கரியும் சாட்சி சொல்லும். ஆற்றங்கரைப் பொருளுக்கு அந்தச் சாட்சி இல்லை. வெள்ளம் ஓரிடத்தில் பறித்து மற்றோரிடத்தில் போடும். நேற்று விழுந்த போத்தலையும் நூறு வருஷத்துக்கு முந்திய பானையையும் ஒரே சேற்றில் சேர்த்து வைக்கும். ஆகவே கரையில் கிடைத்த பொருளுக்குக் கரையே சாட்சி என்று எண்ணிவிடக் கூடாது.

இந்தக் கல்லோ சுமார் 215 கிலோ எடையுள்ளது. சருகைப் போல மிதந்து வரக்கூடியதன்று. ஆயினும் எடை மட்டும் போதாது. கடல் தாண்டிக் கப்பலில் பெரிய கற்கள் வந்ததும் உண்டு. அப்படியானால் இது இந்த மண்ணுக்குரியதுதான் என்பதற்கு என்ன அத்தாட்சி? அத்தாட்சி கல்லிலேயே இருக்கின்றது. "திரெங்கானு" என்ற நாட்டின் பெயர் அதில் வெட்டப்பட்டிருக்கின்றது. இந்தக் கட்டளை திரெங்கானு நாட்டில் நிறுத்தப்பட்டது என்று கல்லே சொல்லுகின்றது. சரக்கு மூட்டையின் மேல் கிட்டங்கியின் பெயர் எழுதியிருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் கேள்வி: எழுத்து எது, பாஷை எது?

கல்லின் நான்கு பக்கங்களிலும் எழுத்து உண்டு. எழுத்து அரபு எழுத்து, பாஷை மலாய். இதையே ஜாவி என்கின்றோம். நம்மவருக்கு இது புதுமையன்று. நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதி, அதனை அரபுத் தமிழ் என்று வழங்கினார்கள். அரபியில் இல்லாத தமிழ் ஓசைகளுக்கு, இருக்கும் எழுத்துகளில் புள்ளியும் குறியும் கூட்டிப் புதிய எழுத்துகள் உண்டாக்கினார்கள். மலாய் மக்களும் தங்கள் பாஷைக்கு அப்படியே செய்தார்கள்.

அரபுத் தமிழ்க் கிதாபை அரபு மட்டும் தெரிந்தவரிடம் கொடுத்தால் என்னவாகும்? எழுத்தைக் கூட்டுவார், பொருள் விளங்காது. தமிழ் மட்டும் தெரிந்தவரிடம் கொடுத்தால் எழுத்தே தெரியாது. இரண்டும் தெரிந்தவரால்தான் படிக்க முடியும். திரெங்கானுக் கல்லும் அப்படிப்பட்டது. மேலும் ஜாவியில் குறில் ஓசைகளைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. ஆகையால் அக்காலத்து மலாய்ச் சொல் வழக்கும் தெரிந்திருக்க வேண்டும். எச்.எஸ். பேட்டர்சன் என்பவரும் சி.ஓ. பிளாக்டன் என்பவரும் இதனைப் படித்து 1924 ஆம் வருஷத்தில் ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

அவர்கள் படித்துக் காட்டிய வாசகத்தில் நாம் வியக்கத்தக்க சங்கதி ஒன்று உண்டு. இஸ்லாமியச் சட்டத்தைச் சொல்லும் இக்கல், ரசூலுல்லாஹ் என்று நபி (ஸல்) அவர்களைக் குறிக்கின்றது. ஆனால் இறைவனைக் குறிக்க "தேவாத்தா மூலியா ராயா" என்ற சொல்லையே பல இடங்களில் ஆளுகின்றது. தமிழ் காதுக்கு இது உடனே விளங்கும். தேவதை என்பது நாமறிந்த சொல். இன்னும் பாருங்கள்: ராஜா, மந்திரி, பூமி என்ற சொற்கள் இருக்கின்றன. "மண்டலிகா" என்று சிற்றரசரைக் குறிப்பது நமது மண்டலிகர் என்ற சொல்லே. "டண்டா" என்பது தண்டம். வருஷம் சொல்லுமிடத்தில் "சாசனகாலா" என்று இருக்கின்றது; சாசனமும் காலமும் நம்முடைய பாஷையிலும் வழங்குகின்றவை. கட்டளையைக் குறிக்க "தாம்ரா" என்ற சொல் வருகின்றது. அது தாமிரம், அதாவது செப்பு. முற்காலத்தில் அரசர் ஆணையைச் செப்புப் பட்டயத்தில் வெட்டினார்கள். அந்த வழக்கத்தால் கல்லில் வெட்டிய ஆணைக்கும் செப்பின் பெயரே நின்றது. இவையெல்லாம் சமஸ்கிருதத்திலிருந்து தமிழுக்கும் மலாய்க்கும் தனித்தனியே வந்து சேர்ந்த சொற்கள்.

காலம் கண்டறிய இது எவ்வாறு உதவும்? எழுத்தோ அரபு எழுத்து. சட்டமோ ஷரீஅத்தைத் தழுவியது. சொற்களோ அதற்கு முந்திய காலத்துச் சொற்கள். பழைய கடையைப் புதிய முதலாளி வாங்கினால், கொஞ்ச நாளைக்குப் பழைய பெயர்ப்பலகையும் பழைய படிக்கல்லும் இருக்கத்தான் செய்யும். அது போல, இஸ்லாம் வந்து வேரூன்றிக்கொண்டிருந்த காலத்தில், மக்களுக்கு விளங்கும் பழைய சொல்லைக் கொண்டே புதிய மார்க்கத்தைச் சொன்னார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகின்றனர். பிற்காலத்தில் ஒருவர் வேண்டுமென்றே பழையது போல வெட்டியிருந்தால், தம் காலத்து வழக்கப்படி அல்லாஹு தஆலா என்றே எழுதியிருப்பார். எழுத்தும் பாஷையும் தேதியும் ஒன்றுக்கொன்று ஒத்துவருகின்றனவா என்று பார்ப்பதே போலியைக் கண்டுபிடிக்கும் வழியாகும்.

மூன்றாம் கேள்வி: வருஷம் எழுதியிருக்கின்றதா?

எழுதியிருக்கின்றது. அதிலேதான் பெரிய சிக்கலும் இருக்கின்றது.

முதற் பக்கத்தின் முடிவில், ரஜப் மாதத்து வெள்ளிக்கிழமை என்றும், "சரத்தான்" வருஷம் என்றும், நபி (ஸல்) அவர்களின் சாசன காலத்தில் இத்தனை வருஷம் சென்றது என்றும் சொல்லியிருக்கின்றது. வருஷத்தை இலக்கத்தில் போடாமல் சொல்லால் எழுதியிருக்கின்றார்கள். அந்தச் சொற்கள் "துஜோ ராத்துஸ் டுவா". மலாய் தெரிந்த எல்லாருக்கும் இது எழுநூற்று இரண்டு என்று உடனே விளங்கும். ஹிஜ்ரி 702.

ஆனால் கல்லின் மேற்பகுதி உடைந்து போயிருக்கின்றது. முதற் பக்கத்தின் கடைசிச் சொல் "டுவா". வாக்கியம் அத்துடன் முடிந்ததா, அல்லது அடுத்த பக்கத்தின் தலைப்பில் தொடர்ந்ததா என்பதைக் காட்ட வேண்டிய இடமே உடைந்த இடம்.

இதனால் என்ன வந்துவிடும் என்று கேட்கலாம். "டுவா" என்பதற்குப் பின்னே "புலோ" என்று ஒரு சொல் இருந்திருந்தால் அது இருபது ஆகும்; வருஷம் 720 முதல் 729 வரை எதுவாகவும் இருக்கலாம். இன்னொன்றும் உண்டு. இன்று எட்டு என்பதை "லாப்பான்" என்கின்றோம். அதன் பழைய உருவம் "டுவாலாப்பான்". பத்துக்கு இரண்டு குறைவு என்ற கருத்தில் வந்தது. ஆகவே "டுவா" என்பது எட்டின் தலைப்பாகவும் இருக்கலாம். அப்படியானால் வருஷம் 708 ஆகலாம். எண்பது என்று தொடர்ந்திருந்தால் 780 முதல் 789 வரை ஆகலாம். உடைந்த ஒரு மூலையினால் 702 க்கும் 789 க்கும் இடையே சந்தேகம் விழுந்தது. ஆங்கிலக் கணக்கில் 1303 க்கும் 1387 க்கும் இடையே. அதாவது 84 வருஷ வித்தியாசம்.

வியாபாரிகளுக்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை. ஒரு கைச்சீட்டில் "ரூபாய் எழுநூற்று இரு" என்று எழுதியிருந்து, அடுத்த துண்டு கிழிந்து போயிருந்தால் நாம் எவ்வளவு வசூலிப்போம்? எழுநூற்று இரண்டா, எழுநூற்று இருபதா? கடன்பட்டவர் இரண்டு என்பார். கடன் கொடுத்தவர் இருபத்தொன்பது என்பார். நடுவில் நிற்கும் பஞ்சாயத்தார் வேறு அத்தாட்சி தேடுவார்கள்.

இங்கேயும் வேறு அத்தாட்சி தேடினார்கள். வெள்ளிக்கிழமை என்ற குறிப்பு உதவுமா? தனியாக உதவாது. ஒவ்வொரு வருஷத்து ரஜபிலும் நாலு வெள்ளியாவது வரும். பிறையும் கிழமையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் கணக்குப் போட்டுப் பல வருஷங்களைத் தள்ளிவிடலாம். வெறும் கிழமை ஒன்றையும் தள்ளாது. சரத்தான் என்பது அரபியில் நண்டு, ராசிகளில் கடகம். வருஷத்துக்கு அந்தப் பெயர் எந்த முறைப்படி வந்தது என்பதில் அறிஞர்கள் பலவாறு சொன்னார்கள்.

1970 களின் தொடக்கத்தில் சையது முகம்மது நக்கீப் அல்அத்தாஸ் என்ற மலேசிய அறிஞர், இக்கல்லின் சரியான தேதியைப் பற்றியே தனி நூல் எழுதினார். கல்லின் வாசகத்தையும் காலண்டர்க் கணக்கையும் ஆராய்ந்து, வருஷம் 702 தான், அதற்கு மேல் தொடர்ச்சி இல்லை என்று அவர் முடிவு கூறினார். அவர் கூறிய நாள் ஹிஜ்ரி 702 ரஜப் பிறை 4, வெள்ளிக்கிழமை. ஆங்கிலத் தேதி 1303 பிப்ரவரி 22. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்நாள் வெள்ளிக்கிழமையாகவே வருகின்றது. அந்த ரஜபின் முதல் வெள்ளியும் அதுவே. இன்று பெரும்பாலும் 1303 என்ற வருஷமே ஏற்கப்பட்டிருக்கின்றது. மலாக்கா இராச்சியம் தோன்றியது சுமார் 1400 ஆம் வருஷத்தில். அதற்கு ஏறக்குறைய நூறு வருஷம் முன்னதாகவே இத்தீபகற்பத்தில் இஸ்லாமியச் சட்டம் கல்லில் வெட்டி நிறுத்தப்பட்டிருந்தது என்பது இதனால் தெளிவு.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். சந்தேகம் இருந்த காலத்தில் ஆராய்ச்சியாளர்கள் "இதற்கு முந்தியதன்று, இதற்குப் பிந்தியதன்று" என்று இரண்டு எல்லைகளைச் சொன்னார்கள். மிகப் பழைய வருஷமே இருக்கட்டும், அதுதான் பெருமை என்று அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. பழைய வருஷத்தை நிலைநாட்ட வந்தவரும் பெருமைக்காகச் சொல்லவில்லை. கணக்கைக் காட்டிச் சொன்னார். எல்லை சொல்லுவது தெரியாமையன்று. அதுவே நேர்மையான விடை.

ஹிஜ்ரி வருஷத்தை ஆங்கில வருஷமாக்குவது எப்படி?

நம்மவரில் பலர் இதில் தடுமாறுகின்றனர். ஹிஜ்ரி 702 உடன் 622 ஐக் கூட்டினால் 1324 வருகின்றது, கல்லின் வருஷம் 1303 என்கின்றார்கள், எது சரி?

ஹிஜ்ரி வருஷம் பிறைக் கணக்கு. 354 அல்லது 355 நாள். ஆங்கில வருஷம் 365 அல்லது 366 நாள். வருஷத்துக்குச் சுமார் 11 நாள் குறைவு. அப்படிக் குறைந்து குறைந்து, 33 ஹிஜ்ரி வருஷம் ஏறக்குறைய 32 ஆங்கில வருஷத்துக்குச் சமமாகின்றது. ஜகாத்தைப் பிறை வருஷத்தில் கணக்கிட்டு, கடைக் கணக்கை ஆங்கில வருஷத்தில் முடிக்கின்ற நாம் இதனை அனுபவத்தில் அறிவோம்.

ஆகவே வழி இது. ஹிஜ்ரி வருஷத்தை 33 ஆல் வகுக்க வேண்டும். வந்த ஈவை ஹிஜ்ரி வருஷத்திலிருந்து கழிக்க வேண்டும். மீதியுடன் 622 ஐக் கூட்ட வேண்டும்.

702 ஐ 33 ஆல் வகுத்தால் 21 சொச்சம். 702 இல் 21 போனால் 681. அதனுடன் 622 கூட்டினால் 1303.

சுமத்திராவில் பாசே நாட்டு சுல்தான் மாலிக்குஸ் சாலிஹ் அவர்களின் கப்றுக் கல்லில் ஹிஜ்ரி 696 என்று இருக்கின்றது. 696 ஐ 33 ஆல் வகுத்தால் 21, மீதி 675, 622 கூட்டினால் 1297. இரண்டு கற்களும் ஏறக்குறைய ஒரே தலைமுறையைச் சேர்ந்தவை என்று இதனால் தெரிகின்றது. ஒன்று அடக்கத்தலத்துக் கல். மற்றது அரசாங்கக் கட்டளைக் கல்.

நம் காலத்துக் கணக்கு ஒன்றும் போட்டுப் பார்க்கலாம். ஹிஜ்ரி 1400 ஐ 33 ஆல் வகுத்தால் 42, மீதி 1358, 622 கூட்டினால் 1980. உண்மையில் ஹிஜ்ரி 1400 பிறந்தது 1979 நவம்பரில். அதன் பெரும்பகுதி 1980 இல் கழிந்தது. இந்தக் கணக்கில் ஒரு வருஷம் முன்பின் ஆகலாம் என்பதற்கு இதுவே உதாரணம். மாதமும் தெரிந்தால்தான் சரியாகச் சொல்லலாம்.

கல் சொல்லும் சங்கதி

வருஷத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, கல் என்ன சொல்லுகின்றது என்பதைச் சொல்லாமல் விடலாகாது. மார்க்கத்தை நிலைநிறுத்தும்படி முஸ்லிம் சிற்றரசர்களுக்கு ஆணையிட்டு, பின்னர் விதிகளை எண் வரிசையில் அடுக்குகின்றது. அதில் கடன் கொடுக்கல் வாங்கலைப் பற்றிய விதி ஒன்று உண்டு. கடனை எழுதிக்கொள்ளும்படி திருக்குர்ஆன் கட்டளையிட்டிருப்பதை அறிந்த நமக்கு, கல்லில் வெட்டிய சட்டத்திலும் கடனுக்கு இடம் இருப்பது வியப்பன்று. வருத்தம் என்னவென்றால், அந்த வரியிலும் எழுத்துச் சிதைந்து முழு விதியும் கிடைக்கவில்லை.

ஒழுக்கக் குற்றங்களுக்குத் தண்டனையும் அபராதமும் சொல்லியிருக்கின்றது. அபராதம் ஆளின் அந்தஸ்துக்குத் தக்கபடி வேறுபடுகின்றது. மண்டலிகர் மகனுக்கு ஒரு தொகை, மந்திரிக்கு ஒரு தொகை என்று குறித்திருக்கின்றார்கள். தொகையைச் சொல்லுவது தஹில், பாஹா என்ற நிறைக் கணக்கில். பாஹா என்பது தஹிலில் கால். 16 தஹில் ஒரு காத்தி என்று நம் முன்னோர் மளிகைக் கடையில் நிறுத்துக் கொடுத்த அதே தஹிலின் பெயர், 1303 ஆம் வருஷத்துக் கல்லில் இருக்கின்றது. இறுதியில், தம் மக்களாயினும் பேரப்பிள்ளைகளாயினும் இந்தக் கட்டளைக்குக் கீழ்ப்பட்டவரே என்றும், மீறியவர் இறைவனின் சாபத்துக்கு ஆளாவர் என்றும் ஆணையிட்டவர் கூறுகின்றார்.

படிக்கப்படாமல் போன மற்றொரு கல்

மேற்சொன்ன கல் தப்பியது. அதே போல ஆற்றோரம் கிடைத்தும் தப்பாத கல் ஒன்று சிங்கப்பூரில் உண்டு. அதனையும் அறிந்தால்தான் இப்பாடம் நிறைவாகும்.

1819 ஆம் வருஷத்தில் சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் காடு வெட்டியவர்கள், சுமார் 10 அடி உயரமுள்ள பெரும் பாறை ஒன்றைக் கண்டார்கள். அதில் ஏறக்குறைய 50 வரி எழுத்து இருந்தது. படிக்கப் பலர் முயன்றார்கள். மலாக்காவில் பிறந்தவரும், அரபு வம்சமும் தமிழ் வம்சமும் கலந்த குடும்பத்தவரும், தமிழ் கற்றவருமான முன்ஷி அப்துல்லாஹ் அவர்கள் இதைப் பற்றி எழுதியிருக்கின்றார்கள். மாவைப் பிசைந்து எழுத்தின் மேல் அழுத்தி அச்சு எடுத்தவர்களும் உண்டு, கரியைத் தடவிப் பார்த்தவர்களும் உண்டு என்கின்றார்கள். ஒருவராலும் முடிவாகப் படிக்க இயலவில்லை.

1843 ஆம் வருஷத்தில் கட்டுமான வேலைக்கு இடம் வேண்டும் என்று அதிகாரிகள் அந்தப் பாறையை வெடி வைத்துத் தகர்த்துவிட்டனர். முன்ஷி அவர்கள் இதற்காக மிகவும் வருந்தினார்கள். சில துண்டுகளை மட்டும் ஆங்கிலேயர் ஒருவர் மீட்டுக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். ஒரு துண்டு இன்று சிங்கப்பூர் தேசியப் பொருட்காட்சிச்சாலையில் இருக்கின்றது. அதன் காலம் 10 ஆம் நூற்றாண்டு முதல் 14 ஆம் நூற்றாண்டு வரை எதுவாகவும் இருக்கலாம் என்று மதிக்கின்றார்கள். 2019 ஆம் வருஷத்தில் ஓர் ஆராய்ச்சியாளர், துண்டிலுள்ள சில எழுத்துகள் பரகேசரிவர்மன் என்ற சோழப் பட்டத்தின் பகுதியாக இருக்கலாம் என்று கருத்துச் சொன்னார். ஆயினும் துண்டைக் கொண்டு எதையும் உறுதி செய்ய முடியவில்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திரெங்கானுக் கல்லில் ஒரு மூலை உடைந்தது. அதனால் 84 வருஷச் சந்தேகம். சிங்கப்பூர்க் கல்லோ முழுவதும் உடைந்தது. அதனால் 400, 500 வருஷச் சந்தேகம். தாம் பார்த்தவரைக்கும் படிக்க முடியவில்லை என்று ஒரு தலைமுறை உடைத்துப் போட்டது. அடுத்த தலைமுறையில் படிக்கத் தெரிந்தவர் வந்திருக்கலாம். அவருக்கு நாம் மிச்சம் வைக்கவில்லை.

வருஷம் எழுதாத பொருளானால்?

எல்லாப் பொருளிலும் தேதி இருப்பதில்லை. அதற்கும் வழி உண்டு. உதாரணமாக, ஆற்றங்கரைச் சேற்றில் மூடிய தகர டப்பா ஒன்று கிடைத்து, அதனுள் நாணயங்கள் இருந்தால், மிகப் பழைய நாணயத்தைப் பார்த்து டப்பாவின் வயதைச் சொல்லக் கூடாது. மிகப் புதிய நாணயத்தையே பார்க்க வேண்டும். பத்தொன்பது நாணயம் ஜார்ஜ் மன்னர் காலத்தவையாக இருந்து, ஒன்று மட்டும் 1953 என்று அச்சிட்ட மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ நாணயமாக இருந்தால், அந்த டப்பா 1953 க்கு முன்னே மூடப்பட்டிருக்க முடியாது.

எவ்வளவு பிந்தி மூடப்பட்டது? அதை நாணயம் மட்டும் சொல்லாது. நாணயம் பல வருஷம் கை மாறும். ஆனால் 1967 இல் மலேசியா வெளியிட்ட புதிய நாணயம் ஒன்றுகூட அதில் இல்லையென்றால், அதற்கு முன்னே மூடியிருக்கலாம் என்று ஊகிக்கலாம். முதல் எல்லை உறுதியானது. இரண்டாவது எல்லை ஊகம். இந்த இரண்டையும் கலந்து பேசக் கூடாது. ரொக்க வரவையும் வரவேண்டிய பாக்கியையும் ஒரே பத்தியில் எழுதுகிறவர் நஷ்டப்படுவார்.

நாம் செய்ய வேண்டியவை

1. கரையிலோ, தோட்டத்திலோ, பழைய கட்டடத்தை இடிக்கும்போதோ எழுத்துள்ள பொருள் கிடைத்தால், முதலில் கிடைத்த இடத்தை எழுதி வைக்க வேண்டும். எந்தக் கரை, எந்த வளைவு, எவ்வளவு ஆழம், பக்கத்தில் என்ன இருந்தது, எந்தத் தேதி என்று குறித்து, எடுக்குமுன்னே படமும் பிடித்துக்கொள்ள வேண்டும். இடம் மறந்துபோன பொருள் பாதிச் சாட்சியை இழந்த பொருள்.

2. பளபளப்பாக்க வேண்டாம். புளியும் சாம்பலும், கடையில் விற்கும் அமிலமும் பித்தளைச் சாமானுக்குச் சரி, பழம்பொருளுக்கு விஷம். தேய்க்கும்போது போவது அழுக்கு மட்டுமன்று, எழுத்தும் போய்விடும்.

3. துண்டு விழுந்திருந்தால் துண்டையும் சேர்த்து எடுக்க வேண்டும். திரெங்கானுக் கல்லில் காணாமற்போன ஒரு மூலையைத்தான் அறிஞர்கள் இத்தனை காலம் தேடினார்கள்.

4. வயதைக் கேட்டால் எல்லை சொல்லுங்கள். "இதற்கு முந்தியதன்று என்று தெரிகின்றது, அதற்கு மேல் தெரியவில்லை" என்பது விற்பனைக்கு உதவாத பேச்சு என்று தோன்றலாம். ஆனால் நாளை மறுமையில் தராசு வைக்கும்போது உதவும் பேச்சு அதுவே.

5. அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மலேசியாவில் 2005 ஆம் வருஷத்துத் தேசியப் பாரம்பரியச் சட்டப்படி, பாரம்பரிய மதிப்புள்ளதாகக் கருதத்தக்க பொருளைக் கண்டெடுத்தவர், பாரம்பரிய ஆணையருக்கோ அந்த மாவட்ட அதிகாரிக்கோ உடனே அறிவிக்க வேண்டும். சிங்கப்பூரிலுள்ளவர்கள் தேசியப் பொருட்காட்சிச்சாலையை அணுகலாம். கடையில் ஒருவர் விற்கக் கொண்டு வந்தாலும் இதனை அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

6. வீட்டிலுள்ளவற்றையும் மறக்கக் கூடாது. பாட்டனார் காலத்துப் பேரேடு, கப்பல் டிக்கட்டு, அரபுத் தமிழ்க் கிதாபு, ஊரிலிருந்து வந்த கடிதம் இவற்றைக் கடை மாற்றும்போது பழைய பேப்பருக்குப் போட்டுவிடுகின்றோம். அவற்றில் எழுதியிருக்கும் தேதிதான், இந்நாட்டில் நம்மவர் எப்பொழுது வந்தார்கள், என்ன வியாபாரம் செய்தார்கள் என்பதற்குச் சாட்சி. கல்லைப் போல ஆற்றில் கிடந்து மீண்டு வரும் பலம் காகிதத்துக்கு இல்லை.

பழம்பொருள் நமக்குச் சொந்தமன்று. முன்னே சென்றவர்கள் பின்னே வருகிறவர்களுக்குக் கொடுத்தனுப்பிய அமானிதம். இடையில் நம் கைக்கு வந்திருக்கின்றது. அமானிதத்தைத் திறந்து பார்க்கலாம், விளங்கிக்கொள்ளலாம். குறைக்கவும் கூடாது, கூட்டவும் கூடாது.

வல்ல நாயன் நம் கண்ணுக்குக் கூர்மையையும் நாவுக்கு உண்மையையும் தந்தருள்வானாக. வஸ்ஸலாம்.